பழைய கணக்கு, பழைய டேட்டா: கிளவுடில் ஏற்றி வைப்பது பற்றி நம்ம ஊர்க் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கும் கப்பலூர் சிட்கோ பட்டறைகளுக்கும் கம்ப்யூட்டர் வேலையாகப் போய் வருகிறவன் நான். மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால் போதும், பழைய வருஷத்து டேட்டாவை என்ன செய்வது, கிளவுடில் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளிக் கம்ப்யூட்டர்களில்) ஏற்றலாமா என்று இதே சந்தேகங்கள் வரிசை கட்டி வரும். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களில் உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. டேலியிலதான் எல்லாக் கணக்கும் இருக்கே தம்பி, அதுக்கு மேல என்ன வேணும்?

டேலி என்ற கணக்கு மென்பொருள் இருப்பது ஒரு கம்ப்யூட்டரில். அந்தக் கம்ப்யூட்டர் இருப்பது கல்லாவுக்குப் பின்னால், ஊதுபத்திச் சாம்பலும் மிளகாய்த் தூசியும் விழுகிற இடத்தில். நம்ம ஊர் வெயிலுக்கும், கரண்ட் போய்ப் போய் வருவதற்கும் ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது படுத்துவிடும். சொல்லிவிட்டுப் படுக்காது.

தவிர, கணக்கு மட்டுமா டேட்டா? கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், மெயில், சம்பளப் பட்டியல், டிசைன் ஃபைல், வாட்ஸ்அப்பில் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் எதுவும் டேலிக்குள் இல்லை.

2. பேக்கப்பும் ஆர்க்கைவும் ஒண்ணுதானே சார்?

இல்லை. பேக்கப் என்பது இன்று ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாவின் நகல். இன்று கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்காக எடுப்பது. தினமும் புது நகல் வரும், பழைய நகல் போகும். ஆர்க்கைவ் என்பது இனி யாரும் கை வைக்கக் கூடாத டேட்டா. 2014-15 கணக்கை இனி ஒருவரும் திருத்தப் போவதில்லை. கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடுவதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். முப்பது நாள் தாண்டிய நகலைத் தானாக அழிக்கும்படி பேக்கப்பை அமைத்திருப்பார்கள். அதற்குள்ளேயே பழைய வருஷமும் கிடந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

3. எத்தனை வருஷத்துக் கணக்கை வச்சிருக்கணும்? ஒருத்தர் ஆறுங்கிறார், ஒருத்தர் எட்டுங்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. வேறு வேறு சட்டத்தைச் சொல்கிறார்கள். பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி என்றால் 2013 கம்பெனிச் சட்டம் 128ஆம் பிரிவின்படி முந்தைய 8 நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்கள் இருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் 36ஆம் பிரிவு, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். இந்தத் தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2023-24க்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் எண்ணினால் 2030 டிசம்பர் 31 வரை வருகிறது. வருஷம் முடிந்த மார்ச்சிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம் முன்னாலேயே அழித்துவிடுவீர்கள்.

ஜிஎஸ்டியில் அப்பீலோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஒரு வருஷம் அல்லது மேலே சொன்ன 72 மாதம், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை அந்த விவகாரத்துக்கான கணக்கைத் தொடக் கூடாது.

என் கணக்கு எளிது. எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பத்து வருஷம். சொத்துப் பத்திரம், பார்ட்னர்ஷிப் டீட், லோன் முடித்த சான்று, தொழிலாளர் பி.எஃப். பதிவு இவையெல்லாம் என்றைக்கும். பி.எஃப். ஏன் என்றால், இருபது வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்தவர் பென்ஷனுக்காகச் சேர்ந்த தேதி கேட்டு வந்து நிற்பார். அவருக்குச் சட்டத்தைக் காட்டி இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

4. கூகுள் டிரைவ்ல போட்டா போதாதா? ஃப்ரீதானே?

இலவச அக்கவுண்டில் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. சின்னக் கடையின் கணக்கு மட்டும் என்றால் அடங்கிவிடும். ஸ்கேன் செய்த பில் ஏறினால் அடங்காது. இடத்தைவிடப் பெரிய சங்கடம் சிங்க். கம்ப்யூட்டரில் அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. பழைய டேட்டாவை யார் 30 நாளுக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறார்கள்?

இன்னொன்று, இரண்டு வருஷம் யாரும் நுழையாத தனிநபர் அக்கவுண்டைக் கூகுள் அழித்துவிடலாம் என்ற விதி இருக்கிறது. ஆர்க்கைவுக்கென்றே ஒரு ஜிமெயில் தொடங்கி மறந்துவிடுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

5. எங்க அக்கவுண்ட்ஸ் பாக்கிற பிள்ளையோட மெயில் ஐடியிலதான் எல்லாம் இருக்கு. நல்ல பிள்ளைதான். தப்பா?

பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நாளைக்குக் கல்யாணமாகித் திண்டுக்கல் போனால் ஓடிபி திண்டுக்கல்லுக்குப் போகும். அக்கவுண்ட் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மெயிலில், முதலாளி வைத்திருக்கும் நம்பரில் இருக்க வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு அதற்குள் தனித்தனி யூசர் போட்டு, ஏற்றும் உரிமை மட்டும் கொடுங்கள். அழிக்கும் உரிமை வேண்டாம்.

6. கிளவுடுன்னா நம்ம கணக்கு அமெரிக்காவுக்குப் போயிடுமா?

நீங்கள் தேர்ந்தெடுக்கும் ரீஜனை, அதாவது டேட்டா சென்டர் இருக்கும் பகுதியை, பொறுத்தது. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட் அஷூருக்குப் புனேயிலும் சென்னையிலும், கூகுள் கிளவுடுக்கு மும்பையிலும் டெல்லியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. முதன்முதலில் பக்கெட்டை (கிளவுடில் ஃபைல்களைப் போட்டு வைக்கும் பெட்டி) உருவாக்கும்போதே ரீஜனைப் பார்த்துப் போடுங்கள். அமேசானில் பின்னால் மாற்ற முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டியிருக்கும்.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இது இஷ்டப்பட்ட விஷயமில்லை. கம்பெனிக் கணக்கு விதிகள் 2014-ன் 3ஆம் விதிப்படி, மின்னணுக் கணக்கின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், தினசரி இருக்க வேண்டும். 'தினசரி' என்பது 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம். சர்வீஸ் கொடுப்பவர் யார், டேட்டா எங்கே இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் நிதி அறிக்கை தாக்கல் செய்யும்போது பதிவாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

7. மாசம் எவ்வளவு ஆகும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஒரே விலை கிடையாது. கடை ரேக்கில் சரக்கு வைப்பதற்கும் ஊருக்கு வெளியே கோடவுனில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். உடனே எடுக்கிற வகுப்புக்கு விலை கூட. எடுக்க நேரமாகிற ஆர்க்கைவ் வகுப்புக்கு மிகக் குறைவு. அமேசானின் வர்ஜீனியா ரீஜனில் உடனே எடுக்கிற ஸ்டாண்டர்ட் வகுப்பு 1 டிபிக்கு (சுமார் 1000 ஜிபி) மாதம் 23 டாலர் சுமார், ஆர்க்கைவ் வகுப்பான கிளேசியர் டீப் ஆர்க்கைவ் 1 டாலர் சுமார். மும்பையில் இரண்டுமே கூடுதல். ஜிஎஸ்டி தனி. ஏற்றும் நாளில் அன்றைய விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லில் கண்ணில் படாமல் ஒளிந்திருப்பவை வேறு. ஆர்க்கைவ் வகுப்பில் குறைந்தபட்ச நாள் உண்டு: டீப் ஆர்க்கைவுக்கும் அஷூர் ஆர்க்கைவுக்கும் 180 நாள், கூகுள் ஆர்க்கைவுக்கு 365 நாள். அதற்குள் அழித்தாலும் அத்தனை நாளுக்கும் காசு. திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம், இணையம் வழியாக வெளியே இறக்கத் தனிக் கட்டணம். அமேசானில் வெளியே இறக்குவது மாதம் 100 ஜிபி வரை இலவசம் என்பதால் சின்னக் கடைகள் இதற்கு அதிகம் பயப்பட வேண்டியதில்லை.

8. பழசு எல்லாத்தையும் அப்படியே அள்ளி ஏத்திடலாமா?

ஏற்றலாம், பிறகு ஒன்றையும் தேடி எடுக்க முடியாது. நான் திறந்து பார்த்த ஒரு ஜவுளிக் கடை டிஸ்க்கில் இருந்த ஃபோல்டர்கள்: 'நியூ ஃபோல்டர் 2', 'பைனல்', 'பைனல் லாஸ்ட்', 'ஆடிட்டர் கேட்டது', 'அழிக்காதே', 'அழிக்காதே பழசு'. கடைசி இரண்டுக்குள்ளும் ஒரே தீபாவளி ஸ்டாக் லிஸ்ட். எது சரியானது என்று ஓனருக்கே தெரியவில்லை.

முதலில் இரட்டை நகல்களைக் களையுங்கள். பிறகு நிதியாண்டுக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே விற்பனை, கொள்முதல், பேங்க், சம்பளம், வரி, ஒப்பந்தம். ஃபைல் பெயரில் வருஷம் முதலில், அடுத்து மாதம், அடுத்து விஷயம் என்று வைத்தால் தானாக வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வருஷத்தையும் வகைவாரியாக ஜிப் செய்து ஏற்றுங்கள். கிளேசியர் டீப் ஆர்க்கைவ் வகுப்பில் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் 40 கேபி கூடுதலாகக் கணக்கில் ஏறும். அஞ்சு கேபி பில் லட்சம் இருந்தால், பில்லைவிட அதன் மேல்செலவு பெரிசாகிவிடும். அதற்காகப் பத்து வருஷத்தையும் ஒரே ஜிப்பில் அடைக்காதீர்கள். ஒரு பில் வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் இறக்க வேண்டி வரும்.

9. டேலி டேட்டா ஃபோல்டரை காப்பி பண்ணி வச்சிருக்கேன். 10000, 10001ன்னு இருக்கு. அது போதும்ல?

அது வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. அந்த எண் ஃபோல்டர்களைத் திறக்க அதற்கேற்ற டேலி வேண்டும். டேலி 7.2 காலத்து டேட்டாவை இன்றைய டேலி பிரைமில் நேராகத் திறக்க முடியாது. இடையில் மைக்ரேஷன் செய்ய வேண்டும். எனவே வருஷம் முடிந்ததும் டிரையல் பேலன்ஸ், டே புக், எல்லா லெட்ஜர், ஸ்டாக் சம்மரி ஆகியவற்றைப் பிடிஎஃபாகவும் எக்ஸெலாகவும் எக்ஸ்போர்ட் செய்து, மூல டேட்டாவோடு சேர்த்து ஏற்றுங்கள். எந்த வெர்ஷன் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவிடுங்கள். எந்த எண் எந்தக் கம்பெனி என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் கட்டாயம். யார் எந்த வவுச்சரை எப்போது திருத்தினார் என்ற அந்தப் பதிவு பிடிஎஃபில் வராது. ஆகவே மூல டேட்டாவைத் தூக்கிப்போடும் பேச்சுக்கே இடமில்லை.

கணக்கைப் பூட்டி வைக்கும் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று இப்போதே பாருங்கள். மறந்தால் டேலி கம்பெனியாலும் திறந்து தர முடியாது.

10. 2005ல அடிச்ச லெட்டர் எல்லாம் திறந்தா கிறுக்கலா வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கெடவில்லை. அது யூனிகோடுக்கு (எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒன்றுபோலத் தெரிவதற்கான பொதுக் குறியீடு) முந்தைய எழுத்துருவில் அடித்தது: பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டேப், டேம், இப்படி ஆளுக்கொன்று. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள், குறிகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்ததே 2010இல்தான். அதற்கு முன் டவுன்ஹால் ரோடு டிடிபி கடைகளில் அடித்த கடிதம், நோட்டீஸ், ஒப்பந்தம் முக்கால்வாசி இந்த ரகம்.

முதல் வேலை, அந்த எழுத்துரு ஃபைலைத் தேடிப் பிடிப்பது. பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். தூக்கிப் போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். எழுத்துருவை நிறுவிக் கடிதத்தைத் திறந்து, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆக்குங்கள். நீண்ட காலம் வைப்பதற்கென்றே பிடிஎஃப்-ஏ என்ற தரம் 2005இல் வந்தது. வேர்டில் சேமிக்கும்போதே அந்தத் தெரிவு இருக்கும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றி அந்த நகலையும் சேர்த்து வையுங்கள். பிடிஎஃப் பார்ப்பதற்கு, யூனிகோடு தேடுவதற்கு. மாற்றியதும் ரூபாய்த் தொகைகளையும் பெயர்களையும் ஒரு முறை கண்ணால் சரி பாருங்கள். இடையில் ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்களையும் கன்வர்ட்டர் தமிழாக்கி வைத்திருக்கலாம்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்தவற்றுக்கு இது இன்னும் அவசரம். அதைத் திறக்கும் கம்ப்யூட்டர் ஊரில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது.

11. பில்லு, லெட்ஜர் எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு எடைக்குப் போட்டுடலாமா அண்ணே?

தெர்மல் தாளில் அடித்த பில்லை உடனே ஸ்கேன் செய்யுங்கள். அது வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். மற்ற காகிதங்கள் 300 டிபிஐ போதும். கையெழுத்தும் ஸ்டாம்பும் உள்ள ஒப்பந்தம், பத்திரம், புரோநோட்டு இவற்றின் அசல் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. பில்லும் வவுச்சரும் 3ஆம் கேள்வியில் சொன்ன காலம் முடிந்த பிறகு, அதுவும் ஆடிட்டர் சரி சொன்ன பிறகு போகலாம். எடைக்கடைக்கு முழுசாகப் போடாதீர்கள். கஸ்டமர் பெயரும் நம்பரும் பஜ்ஜி மடிக்கும் தாளில் வரும்.

மஞ்சள் குங்குமம் வைத்த புதுக்கணக்கு நோட்டுகளை யாரும் எடைக்குப் போடச் சொல்லவில்லை. அதை வீட்டில் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

12. எங்க நெட்டுல ஏத்த எத்தனை நாளாகும்?

பிளானில் போட்டிருக்கும் டவுன்லோடு வேகத்தைப் பார்க்காதீர்கள், அப்லோடு வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 20 மெகாபிட் கிடைத்தால் 200 ஜிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல். சனி இரவு கடை அடைக்கும்போது போட்டுவிட்டுப் போங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருளில் ஏற்றுங்கள். பிரவுசரில் இழுத்துப் போட்டால் கரண்ட் போனதும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

13. வைரஸ் வந்து எல்லாத்தையும் லாக் பண்ணிட்டா கிளவுடுலயும் போயிடுமா?

சிங்கில் இருந்தால் போகும். லாக்கான ஃபைல் நல்ல ஃபைலின் மேல் போய் உட்காரும். ஆர்க்கைவ் பக்கெட்டில் வெர்ஷனிங்கைப் (பழைய நகலையும் விட்டுவைக்கும் வசதி) போடுங்கள், அதற்கு மேல் ஆப்ஜெக்ட் லாக்கையும் (குறித்த தேதி வரை அழிக்க விடாத பூட்டு) போடுங்கள். கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டினால் குறித்த தேதி வரை முதலாளி உட்பட யாராலும் அழிக்க முடியாது. அதனாலேயே தேதியை யோசித்துப் போட வேண்டும்: இருபது வருஷம் என்று தவறிப் போட்டால் இருபது வருஷமும் வாடகை கட்ட வேண்டும். 3ஆம் கேள்வியின் கணக்கை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் ஒன்றையே நம்பவும் வேண்டாம். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டு பீரோவில் இருக்கட்டும். கழற்றியது என்பது முக்கியம். மாட்டியே கிடக்கும் டிஸ்க்கும் வைரஸுக்குச் சாப்பாடுதான்.

14. என்க்ரிப்ட் பண்ணி வைக்கச் சொல்றாங்க. பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கணும்?

பெரிய கிளவுட் நிறுவனங்கள் தாங்களாகவே என்க்ரிப்ட் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான் வைக்கின்றன. நீங்களும் தனியாகப் பூட்டினால் சாவி உங்கள் பொறுப்பு. 9ஆம் கேள்வியின் டேலி வால்ட் கதைதான். சம்பளப் பட்டியல், ஆதார் நகல் போன்றவற்றை 7-ஜிப் மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்ற என்க்ரிப்ட் முறையைப் போட்டுப் பூட்டுங்கள், மற்றவற்றுக்குத் தேவையில்லை. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி உறையில் ஒட்டி, ஒன்று பேங்க் லாக்கரில், ஒன்று பார்ட்னரிடம்.

15. ஏத்துனது ஒழுங்கா இருக்குன்னு எப்படித் தெரியும்?

ஏற்றும் முன் ஒவ்வொரு ஜிப்புக்கும் ஹாஷ் எடுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளையில் SHA256 என்று குறித்தால் போதும்: 64 எழுத்துகள் கொண்ட ஒரு எண் வரும். ஃபைலுக்குள் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஃபைல் பெயர், உள்ளே என்ன, தேதி, ஹாஷ் ஆகியவற்றை ஒரு எக்ஸெல் பட்டியலாக்கி, ஆர்க்கைவுக்கு வெளியே, உடனே திறக்கும் இடத்தில் வையுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஏதாவது ஒரு பழைய வருஷத்தை இறக்கி, ஹாஷ் சரிபார்த்து, அதிலிருந்து ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். 'சக்சஸ்' என்று பச்சை டிக் வந்ததை நம்பிவிட்டுப் பத்து வருஷம் திறக்காமல் இருப்பவர்களிடம் ஆர்க்கைவ் இருக்கிறதென்று நான் ஒத்துக்கொள்வதில்லை.

16. நோட்டீஸ் வந்திருக்கு, ஆடிட்டர் நாளைக் காலையிலயே கேக்கிறார். கிடைக்குமா?

எந்த வகுப்பில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. டீப் ஆர்க்கைவில் சாதாரணமாகக் கேட்டால் 12 மணி நேரத்துக்குள், மலிவான முறையில் கேட்டால் 48 மணி நேரத்துக்குள். அஷூர் ஆர்க்கைவில் 15 மணி நேரம் வரை. கூகுள் ஆர்க்கைவ் வகுப்பில் உடனே கிடைக்கும், ஆனால் எடுக்கும் கட்டணம் உண்டு. இன்று சாயங்காலம் சாதாரண முறையில் கேட்டுவைத்தால் காலையில் கையில் இருக்கும், எந்த ஜிப் என்று 15ஆம் கேள்வியின் பட்டியல் சொன்னால்.

கடைசி மூன்று வருஷத்தை உடனே எடுக்கிற வகுப்பில் வைத்துவிட்டு, அதற்கு முந்தையதை மட்டும் ஆழத்துக்கு அனுப்புங்கள். லைஃப்சைக்கிள் விதி (இத்தனை நாள் ஆனதும் வகுப்பை மாற்று என்ற கட்டளை) ஒன்று எழுதிவிட்டால் அது தானாக நடக்கும்.

17. கிளவுடுல இருக்கிற கணக்கு கோர்ட்டுல செல்லுமா?

செல்லும், சான்றிதழோடு. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. சான்றிதழுக்கு இரண்டு பகுதி: ஒன்றில் டேட்டாவைத் தருகிறவர், இன்னொன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஃபைலின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். ஏற்றிய நாளிலேயே ஹாஷ் எடுத்து வைத்திருந்தால், அன்றிலிருந்து யாரும் கை வைக்கவில்லை என்று சொல்ல உங்கள் வக்கீலுக்கு ஒரு பிடி கிடைக்கும். வழக்குக்காக அன்றைக்கு எடுத்த ஹாஷ் அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும்.

18. பழைய ஸ்டாஃப் ஆதார், கஸ்டமர் நம்பர் எல்லாம் சேர்ந்தே கிடக்கு. அதையும் வச்சுக்கலாமா?

காரணம் இருந்தால் மட்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அழிக்கச் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பில்லில் இருக்கும் கஸ்டமர் பெயர் வரிச் சட்டத்துக்காக இருக்கட்டும். குலுக்கல் பரிசுக்காகச் சீட்டில் வாங்கிய ஆயிரக்கணக்கான போன் நம்பர் எதற்கு? இதைப் பூட்டுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். 13ஆம் கேள்வியின் பூட்டு விழுந்தபின் அழிக்க முடியாது.

19. கார்டு எக்ஸ்பயர் ஆயிடுச்சு, பணம் கட்டலேன்னா என்ன ஆகும்? கடையையே மூடிட்டா?

முதலில் மெயில் வரும், பிறகு அக்கவுண்ட் நிறுத்தப்படும், பிறகு டேட்டா போகும். அமேசானில் மூடிய அக்கவுண்டை 90 நாளுக்குள் திரும்பத் திறக்கலாம். அதற்குப் பிறகு வழியில்லை. அந்த மெயில் யாரும் பார்க்காத ஐடிக்கு வரும்படி வைத்திருந்தால் இது எதுவுமே உங்களுக்குத் தெரியாது. கார்டு முடியும் மாதத்துக்கு முந்தைய மாதம் போனில் ஒரு அலாரம் போடுங்கள்.

கடையை மூடினாலும், ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தாலும் 3ஆம் கேள்வியில் சொன்ன காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூடுகிற மாதமே மொத்தத்தையும் இரண்டு டிஸ்க்கில் இறக்கி, ஹாஷ் பட்டியலை அச்செடுத்து, பார்ட்னர்கள் ஆளுக்கொரு டிஸ்க்காக வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். கிளவுட் அக்கவுண்டை உடனே மூட வேண்டாம். ஆழத்து வகுப்பில் மாதச் செலவு சொற்பம்தான். கடைசி அசெஸ்மென்ட் முடியட்டும்.